குடை என்று பேர் வாங்கியவன்

செத்துப்போன அண்ணனுக்குச் சிலை செய்ய, உயிரோடிருக்கும் தம்பியின் உடம்பை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது அம்மாதான்.

சிற்பி முதலில் போட்டோக்களைத்தான் கேட்டார். அம்மா ஒரு ஆல்பம் நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார். பெரியவன் போட்டோவுக்கு ஒழுங்காக நிற்கிற ஆள் இல்லை. பாதிப் படங்களில் ஹெல்மெட் முகத்தை மறைத்தது. மீதியில் கறுப்புக் கண்ணாடி. அதுவும் இல்லாத நாலைந்தில் வாயைக் கோணிக்கொண்டு யாரையோ கேலி செய்துகொண்டிருந்தான்.

"பக்கவாட்டுல ஒண்ணுகூட இல்லையேம்மா. முன்பக்கத்தை மட்டும் வச்சுக்கிட்டு நான் தபால்தலை செய்யலாம், சிலை செய்ய முடியாது" என்றார் சிற்பி.

அம்மா திரும்பிச் சின்னவனைப் பார்த்தாள். வெகுநாள் கழித்து அவனை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இவன் மூஞ்சியும் அவன் மூஞ்சிதான். ரெண்டும் ஒரே அச்சு. இவனை நிக்க வச்சுச் செய்யுங்க."

"காலு?" என்றார் சிற்பி. சின்னவன் வாசலிலிருந்து உள்ளே நடந்து வந்ததை அவர் பார்த்திருந்தார்.

"காலு மட்டும் வேற யாருதாவது பாத்துக்குங்க" என்றாள் அம்மா.

சின்னவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். கடையின் பின்னறையில், சுற்றும் கல்லின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது அவன் வேலை. உட்கார்ந்தபடி செய்கிற வேலை என்பதால்தான் அதில் சேர்ந்தான். முன்னறையில் கண் பரிசோதனை செய்பவள் அவன் மனைவி. "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் யாரையும் மழுப்ப விடாத பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது.

பெரியவன் போர் விமானி. சண்டை தொடங்கி ஒன்பதாம் நாள், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பாலத்தைத் தகர்க்கப் போன நாலு விமானங்களில் மூன்றுதான் திரும்பின. திரும்பாதது அவனுடையது. வயது இருபத்தேழு. மூன்று வாரம் கழித்து ஒரு பெட்டி வந்தது. மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெட்டியைத் தூக்க ஆறு பேர் நின்றார்கள், சின்னவனும் போய் நின்றான். ஒரு அதிகாரி அவன் தோளைத் தொட்டு, "நீங்க விலகிக்குங்க, நடை ஒத்துவராது" என்று காதோடு சொன்னார். அவன் விலகினான். முன்பின் தெரியாத ஒருவன் அந்த இடத்தில் தோள் கொடுத்தான். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விமானிகளுக்குள் ஆளுக்கொரு பட்டப்பேர் உண்டு. வானத்தில் ஒருவரையொருவர் அந்தப் பேரால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பெரியவனுக்குக் 'குடை' என்று பேர். ஹெல்மெட்டின் பின்பக்கம் வெள்ளை எழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஏன் அந்தப் பேர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. லீவில் வரும்போது அம்மா கேட்டால், "அது ஒரு பெரிய கதைம்மா" என்று சின்னவனைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

அவன் செத்த பிறகு பத்திரிகைக்காரர்கள் தாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். நாட்டுக்கு மேலே குடையாக விரிந்து நின்றவன் என்று ஒருவர் எழுதினார். அது எல்லோருக்கும் பிடித்துப்போனது. நகராட்சித் தலைவர் எந்த மேடையில் ஏறினாலும் அதைச் சொன்னார். சிலை வைக்கப்போகிற ரவுண்டானாவுக்கு, சிலை வரும் முன்பே 'குடை ஸ்டாப்' என்று பேர் விழுந்துவிட்டது. "குடையெல்லாம் எறங்கு, குடையெல்லாம் எறங்கு" என்று பஸ் கண்டக்டர்கள் கத்தினார்கள். பீடத்தில் செதுக்க வேண்டிய வாசகமும் தயாராகிவிட்டது: 'இந்த மண்ணுக்குக் குடையானவன்'.

ஆறு வாரம், ஞாயிறு தவறாமல், சின்னவன் சிற்பியின் கொட்டகைக்குப் போனான். தகரக் கூரை. உள்ளே ஈரச் சாக்கு சுற்றிய தலைகள் வரிசையாக இருந்தன, யார் எவர் என்று தெரியாது. பெரியவன் பறக்கும்போது போட்டுக்கொள்ளும் உடுப்பை அம்மா இஸ்திரி போட்டு மடித்துக் கொண்டுவருவாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாகத் தைத்த உடுப்பு. அதற்குள் சின்னவன் நுழையும்போது, எங்கேயும் கசங்கிவிடக் கூடாதே என்று அம்மா கண்ணை எடுக்காமல் பார்ப்பாள். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுவாள்.

"அவன் இப்படித் தோளைத் தொங்கப் போட மாட்டான். நிமிரு."

"தாடையைத் தூக்குடா. திருட்டுப் பூனை மாதிரி முழிக்காதே."

"சிற்பி, வாய்கிட்ட கொஞ்சம் மாத்திடுங்க. இவனுக்கு அழுமூஞ்சி வாய். அவன் வாய் எப்பவும் சிரிக்கப்போற மாதிரியே இருக்கும்."

சின்னவனின் இடது கால் வலது காலைவிட இரண்டு விரல் கட்டை. நேராக நிற்பதற்குச் சிற்பி ஒரு பலகைத் துண்டை அந்தப் பாதத்துக்கு அடியில் வைத்தார். அப்படியும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போனால் இடுப்பில் வலி கிளம்பும். ஒன்றரை மணி நேரம் ஆனால் கண்ணில் பூச்சி பறக்கும். உட்காரட்டுமா என்று அவன் அம்மாவைப் பார்ப்பான். அம்மா களிமண்ணைப் பார்ப்பாள்.

சிற்பி கெட்டவர் இல்லை. வேலை நடக்கும்போது பேசிக்கொண்டே இருப்பார். "எல்லாச் சிலையும் ஒட்டுவேலைதான் தம்பி. மார்க்கெட் முனையில கையை நீட்டிக்கிட்டு ஒரு பெரிய மனுஷர் நிக்கிறாரே, அந்தக் கை எங்க மச்சான் கை. மச்சான் இன்னிக்கும் அந்தப் பக்கம் போனா தன் கையைத் தானே ஒரு பார்வை பாத்துட்டுத்தான் வருவான்." பெரியவனின் கால்களுக்காக, பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு வெல்டரை வரவழைத்திருந்தார். அவன் அரை மணி நேரம் வந்து, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, விறைப்பாக நின்றுவிட்டுப் போவான். "நல்ல காலு" என்பாள் அம்மா. நாலாவது ஞாயிறு அதோடு நிற்காமல், "விதியைப் பாருங்க சிற்பி. எனக்கு இருந்த ரெண்டுல முழுசா இருந்தவனைத்தான் எடுத்துக்கிட்டது" என்றாள். மண்ணைப் பிசைந்துகொண்டிருந்த சிற்பியின் கை நின்றது. சின்னவன் தாடையை இன்னும் கொஞ்சம் தூக்கினான்.

அந்தக் கால் பிறவியிலேயே வந்தது அல்ல. அவனுக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. பெரியவன் அப்போது ராணுவப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் தேறிவிட்டு, வீட்டுக்குள்ளேயே சல்யூட் அடித்துக்கொண்டு திரிந்தான். சேருவதற்கான பாரத்தில் அப்பா கையெழுத்துப் போடுவது மட்டும் பாக்கி. அப்பா நீதிமன்றத்தில் குமாஸ்தா. வீட்டிலும் வழக்கு விசாரித்துத் தீர்ப்புச் சொல்லுகிற மனிதர். பெரியவன் அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனின் மண்டையை உடைத்திருந்தான். "இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும், பாரத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டுடறேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

ஒரு சனிக்கிழமை, அப்பாவின் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு பெரியவன் தம்பியை மாடிக்குக் கூட்டிப்போனான். "நான் பைலட். நீ பாராசூட்ல குதிக்கிறவன்" என்றான். கீழே பக்கத்து வீட்டுக்காரர் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியல். சின்னவன் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று குடையைப் பிடித்துக்கொண்டான். கீழே பார்த்தான். "வேணாம்ணா" என்றான். "மூணு எண்றேன். மூணு சொன்னதும் குதி. பயமா இருந்தா மூணுக்கு முன்னாடி சொல்லு, இறக்கி விட்டுடறேன்" என்றான் பெரியவன். ஒன்று என்றான். இரண்டு என்று சொல்லும்போதே முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டான்.

குடை அவனை ஒரு நொடிகூடத் தாங்கிய மாதிரி இல்லை. மணலில் விழவில்லை, மணலுக்கு அணை கட்டியிருந்த செங்கல் வரிசையில் விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பா வந்து சேருவதற்குள் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தாள். நடந்தது முழுவதையும் பெரியவன் அவளிடம் சொல்லியிருந்தான். அவளிடம் அவன் எதையும் மறைக்க மாட்டான், மறைக்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

"நீயாத்தான் ஏறினே. நீயாத்தான் குதிச்சே. அண்ணன் கீழே இருந்தான். சொல்லு."

அவன் அழுதான். அவள் அவன் வாயைப் பொத்தி, மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்று தடவை சொல்ல வைத்தாள். நாலாவது தடவை அவன் அப்பாவிடம் சொன்னான். அப்பா கதையைக் கேட்டு முடித்துவிட்டு, கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவனைக் கன்னத்தில் ஒன்று விட்டார், குடையை உடைத்ததற்காக. அடுத்த வாரம் பாரத்தில் கையெழுத்து விழுந்தது. எலும்பு கோணலாகக் கூடியது. அப்பா உண்மை தெரியாமலேயே சில வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். சின்னவன் யார் கேட்டாலும், கல்யாணத்துக்கு முன் மனைவி கேட்டபோதுகூட, நானாகத்தான் குதித்தேன் என்றே சொல்லிவந்தான். சொல்லிச் சொல்லி அவனுக்கே அது பாதி உண்மையாகிவிட்டிருந்தது.

ஐந்தாவது ஞாயிறு அம்மா வரவில்லை. அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுக்க நகராட்சித் தலைவரோடு போயிருந்தாள். அன்றைக்குத்தான் உடுப்பின் பட்டைகளும் சின்னங்களும் சரியா என்று பார்த்துச் சொல்ல விமானப்படையிலிருந்து ஒருவர் வந்தார். பெரியவனோடு ஒரே அணியில் பறந்தவர். பாலத்துக்குப் போய்த் திரும்பி வந்த மூன்று பேரில் ஒருவர். அவர் வந்தபோது சின்னவன் கொட்டகைக்கு வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அந்த உடுப்போடேயே திரும்பி அவரை நோக்கி நடந்தான்.

பைலட் சட்டென்று சிரித்துவிட்டார். வாய்விட்டு, அடக்க முடியாத சிரிப்பு. சிரித்த மறுகணமே பேயறைந்தவர் போல ஆகிவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க. தப்பா நினைக்காதீங்க. நான்..."

"என் நடையைப் பாத்துத்தானே சிரிச்சீங்க?"

"இல்ல, இல்ல. அவனே நடந்து வர்ற மாதிரி இருந்துச்சு."

"அவன் நொண்ட மாட்டானே சார்."

பைலட் சிற்பியைப் பார்த்தார். சிற்பி ஏதோ கருவி தேடுகிறவர் போல உள்ளே போய்விட்டார். சின்னவன் நகரவில்லை. வேறு வழியில்லாமல் அவர் சொன்னார். மெஸ்ஸில் பெரியவன் அடிக்கடி ஒரு கதை சொல்லுவான். கையில் எது கிடைத்தாலும், ஒரு தட்டோ தொப்பியோ, அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்று நடித்துக் காட்டுவான். கடைசியில் நாற்காலியிலிருந்து இறங்கி மெஸ்ஸைச் சுற்றி நொண்டி நொண்டி ஒரு நடை நடப்பான். புதிதாக யார் அணிக்கு வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். அப்படித்தான் அவனுக்கு அந்தப் பேர் வந்தது.

சின்னவன் முகத்திலிருந்த தண்ணீரைத் துடைக்கவில்லை. "எத்தனைல தள்ளினான்னு சொன்னானா?" என்று கேட்டான்.

"ரெண்டுல" என்றார் பைலட். பிறகு, சொல்லத் தொடங்கிவிட்டதால் நிறுத்தத் தெரியாதவர் போல, "அந்த இடத்துலதான் எல்லாரும் சிரிப்போம்" என்றார்.

"அவனும் சிரிப்பானா?"

"அவன்தான் முதல்ல சிரிப்பான்."

"எப்பவாவது, ஒரே ஒரு தடவையாவது, வேற மாதிரி சொன்னானா? வருத்தமா?"

பைலட் தன் ஷூவைப் பார்த்தார். "நான் உங்களுக்கு ஆறுதலா எதாவது சொல்லணுமா, இல்ல நிஜத்தைச் சொல்லணுமா?"

"நிஜம்."

"இல்ல. அவன் எதுக்கும் வருத்தப்படற ஆளு இல்ல. நானெல்லாம் ஒரு குண்டைப் போட்டுட்டு வந்தா நாலு நாளு சாப்பாடு இறங்காது. அவன் இறங்கி வந்து தட்டை எடுத்துக்கிட்டு உக்காந்துடுவான். அதனாலதான் அவன் எங்க எல்லாரையும்விட நல்ல பைலட்." அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "அன்னிக்கு அவன் முன்னாடி போகலைன்னா நான் திரும்பி வந்திருக்க மாட்டேன். அதுவும் நிஜம்தான்."

தன்னைத் தள்ளிவிட்ட அண்ணனை மட்டுமே அறிந்திருந்த சின்னவனுக்கு அந்தக் கடைசி வார்த்தையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உள்ளே போய்ப் பலகையின் மேல் ஏறி நின்றான். சிற்பி அன்றைக்குச் சிலையின் வாயைச் செய்து முடித்தார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான், ஆஸ்பத்திரியில் அம்மா சொல்லிக்கொடுத்தது உட்பட. அவள் கேட்டு முடித்துவிட்டு, "என்கிட்டயும் நானாத்தான் குதிச்சேன்னு சொன்னீங்களே" என்றாள். அதில்தான் அவளுக்கு முதல் கோபம். இரண்டாவது கோபம் பேரைப் பற்றியது. "உங்க காலை உடைச்சதுக்கு வாங்கின பட்டத்தைக் கல்லுல வெட்டப்போறாங்களா? அதுக்கு நீங்க போய் நிக்கணும், மேடையில வேற பேசணுமா?"

ஆம், பேச வேண்டியிருந்தது. திறப்பு விழாவில் தம்பி நாலு வார்த்தை பேசினால் நன்றாயிருக்கும் என்று தலைவர் சொல்லியிருந்தார். பேச வேண்டியதை அம்மாவே சொல்லி டைப் அடித்து வாங்கியிருந்தாள். சின்ன வயதில் மழையில் பள்ளிக்கூடம் போகும்போது அண்ணன் தம்பிக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் நனைந்தான், அதனால் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தான் என்று அதில் இருந்தது.

"அதைப் படிக்காதீங்க" என்றாள் மனைவி. "நடந்ததைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நீங்களாச்சு, அவங்களாச்சு."

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. ரவுண்டானாவைச் சுற்றிப் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள், பென்ஷன்காரர்கள், பட்டறை ஆட்கள், தன் காலைப் பார்க்கக் குடும்பத்தோடு வந்திருந்த வெல்டர், எல்லோரும் வெயிலில் நின்றார்கள். தலைவர் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. சின்னவன் தன் முகத்தைப் பார்த்தான். அம்மா சொன்னபடி வாயில் சிரிப்பு வந்திருந்தது, அதனால் அது அவனுடைய முகம் இல்லை என்றும் சொல்லலாம். அம்மா முன்வரிசையில் எழுந்து நின்று, போய்ச் சிலையின் பாதத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெல்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு சின்னவனைக் கூப்பிட்டார்கள். அவன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மைக்கைப் பிடித்தான்.

"எங்க அண்ணனுக்கு ஏன் குடைன்னு பேர் வந்துச்சுன்னு நான் சொல்றேன்" என்றான். மாடியைச் சொன்னான், அப்பாவின் குடையைச் சொன்னான். பைலட், பாராசூட் என்றதும் பிள்ளைகள் மத்தியில் சலசலப்பு. "மூணு எண்றேன்னு சொன்னான். ஒண்ணு சொன்னான். ரெண்டு சொல்லும்போதே தள்ளிட்டான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒரே சிரிப்பு. தலைவர் நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பைலட் மட்டும் மேடையின் ஓரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவன் குரலை உயர்த்தினான். "எலும்பு வெளியே வந்துடுச்சு. இன்னிக்கும் என் கால் சரியாகலை. நானா குதிச்சேன்னு பொய் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். மெஸ்ஸுல அவன் என்னை மாதிரி நொண்டிக் காட்டுவானாம். அதுக்குத்தான் அந்தப் பேரு."

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. பெண்கள் பக்கத்திலிருந்து 'ச்சு ச்சு' என்று சத்தம் வந்தது. "இவ்ளோ பட்டும் அண்ணனைக் காட்டிக்கொடுக்கலை பாரு" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மேடைவரை கேட்டது. அவன் மேலே பேச வாயெடுப்பதற்குள் தலைவர் எழுந்து வந்து அவன் தோளில் கையைப் போட்டு மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா? விமானத்துல ஏறுறதுக்கு முன்னாடியே நம்ம வீரர் பாராசூட் சோதனை பண்ணியிருக்கார்! இந்தக் குடும்பத்தோட தியாகம் அன்னிக்கே ஆரம்பிச்சுடுச்சு. அண்ணன் உயிரைக் கொடுத்தார், தம்பி காலைக் கொடுத்தார்!"

கைதட்டல் ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்தது. யாரோ அவன் கையில் பூங்கொத்தைத் திணித்தார்கள். இறங்கும்போது கைகொடுக்காத ஆள் இல்லை. இதுவரைக்கும் கேட்ட பேச்சிலேயே இதுதான் மனதைத் தொட்டது என்றார் ஓய்வுபெற்ற ஒருவர். பின்வரிசையில் நின்றிருந்த அவன் மனைவி அழுதுகொண்டே வெளியே போவதை அவன் பார்த்தான்.

முன்வரிசையில் அம்மா மட்டும் சிரிக்கவும் இல்லை, கைதட்டவும் இல்லை.

நகராட்சிக் காரில் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தான். வீட்டுக்குள் வந்ததும் பூங்கொத்தை வாங்கி வாளித் தண்ணீரில் வைத்தாள். ஊரைக் கூட்டி மானத்தை வாங்கிவிட்டாயே என்று கத்துவாள் என எதிர்பார்த்து அவன் நின்றான். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக, அவளுக்குச் சொல்லப் பதிலும் வைத்திருந்தான்.

அம்மா சாப்பாட்டு மேஜை அருகே உட்கார்ந்தாள். "அப்பா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாரு" என்றாள்.

"என்னம்மா?"

"நீ அன்னிக்கு உண்மையைச் சொல்லியிருந்தா. பாரத்தைக் கிழிச்சுப் போட்டிருப்பாரு. அவன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்க மாட்டான். விமானம் ஓட்டியிருக்க மாட்டான். எங்கேயாவது ஒரு ஆபீஸ்ல உக்காந்து எழுதிக்கிட்டு இருந்திருப்பான்." அவள் சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே அது தெரிந்துகொண்டு வந்தது. "என் பிள்ளை உயிரோட இருந்திருப்பான்."

"நீதானேம்மா பொய் சொல்லச் சொன்னே. மூணு தடவை சொல்ல வச்சியே."

"நான் சொல்லுவேன். ஆயிரம் சொல்லுவேன். பெத்தவ புத்தி கெட்டுத்தான் பேசுவா." அவள் நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "நீ ஏண்டா கேட்டே? இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி திறக்கத் தெரிஞ்ச வாய் அன்னிக்கு எங்கேடா போச்சு?"

"எனக்கு ஒன்பது வயசும்மா."

"அவனுக்கு இருபத்தேழு" என்றாள் அம்மா.

எழுந்து போய்ப் பெரியவனின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சின்னவன் நடந்தே தன் வீட்டுக்குப் போனான். பஸ் ஏறினால் குடை ஸ்டாப்பில் இறங்க வேண்டும். அம்மா சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று வழியெல்லாம் தேடிக்கொண்டே போனான். ஒவ்வொன்றும் அடுத்ததில் சரியாகப் போய்ப் பொருந்தியது. அவன் வாயைத் திறந்திருந்தால் அப்பா பாரத்தைக் கிழித்திருப்பார், அதில் சந்தேகமே இல்லை. வீடு வந்து சேர்வதற்குள் இடுப்பு வலி தாங்க முடியவில்லை.

மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"எங்கே போறே?"

"உங்க அம்மாகிட்ட. ஒன்பது வயசுக் குழந்தை மேல போட்டுட்டு அவங்க எப்படி உக்காந்திருக்காங்கன்னு நேர்லயே கேக்கறேன்."

"வேணாம், விடு. அவங்க யார் மேலயாவது போட்டுத்தானே ஆகணும்?"

"அதுக்கு நீங்கதான் கிடைச்சீங்களா?"

"வேற யாரு மிச்சம் இருக்கா?" என்றான் சின்னவன்.

அவள் செருப்பைக் கழற்றவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவன் அம்மா வீட்டுக்குப் போனான். உள்ளே பக்கத்துத் தெருப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். சிலையைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார்கள். அவன் வாசலில் நிற்பதைக் கண்டதும் அம்மா பேச்சை நிறுத்தவில்லை.

"இவன்தான்" என்றாள் அவர்களிடம். "அன்னிக்கே இவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா, என் பிள்ளை இன்னிக்கு உங்க முன்னாடி உக்காந்திருப்பான்."

பெண்கள் இருவரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அம்மா காலியாக இருந்த நாற்காலியைக் கையால் காட்டினாள். அவன் உள்ளே நடந்து போய் அதில் உட்கார்ந்தான்.